சித்திரை மாசத் தோட்டக் கணக்கு: கத்திரிக்காய் வராது

கோயில் பின்னாடி இருக்கிற காய்கறித் தோட்டம் எந்த நிலைமையில இருக்குன்னு பல பேர் கேட்டுட்டே இருக்கீங்க. மழுப்பாம சொல்லிடறேன். வைகாசி விசாக அன்னதானத்துக்கு நம்ம தோட்டத்துக் கத்திரிக்காய் போட்ட சாம்பார்னு தைப்பூசம் முடிஞ்ச கையோட சொன்னது நான்தான். அது இந்த வருஷம் நடக்காது. நாத்து வாங்க அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளின்னு கொடுத்தவங்க முதல்ல தெரிஞ்சுக்கணும். 40 நாத்து வெச்சோம். 31 செத்துப் போச்சு.

மத்தது பரவாயில்ல. வெண்டை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பறிக்கணும், ஒரு நாள் விட்டா முத்திடுது. பயித்தங்காய் பந்தல் நிறைஞ்சு போச்சு. தண்டுக்கீரை மூணாவது அறுப்பு. புடலங்காய் நுனியில கல்லு கட்டித் தொங்க விட்டிருக்கோம், பிள்ளைங்க தயவுசெஞ்சு அதைப் பிடிச்சு ஆட்டாதீங்க. சாமிக்குப் போட்ட மாலையெல்லாம் உரக்குழிக்குத்தான் போகுது, ஆனா நைலான் நூலை உருவிட்டுப் போடுங்க. உடைச்ச தேங்காய் ஓட்டைக் கவுத்து வைங்க. நிமிர்ந்து இருந்தா மழைத்தண்ணி நின்னு ஏடிஸ் கொசு முட்டை போடும். டிங்கி வந்து படுத்தவங்க நம்ம கோயில்லயே இருக்காங்க.

இப்ப கத்திரி விஷயம்.

இந்தத் தோட்ட யோசனை எனக்கு பங்சார்ல வந்தது. பிரிக்பீல்ட்ஸ் போயிட்டு வர்ற வழியில கெபுன்-கெபுன் பங்சாரைப் பார்த்தேன். மின்சாரக் கம்பிக்குக் கீழே கெடந்த நிலம், 2017-ல ஆரம்பிச்சாங்க. விளையறதை இல்லாதவங்களுக்குச் சமைச்சுப் போடற இடங்களுக்குக் கொடுக்கறாங்க. நம்ம அன்னதானத்துக்கும் செய்யலாமேன்னு தோணிச்சு. ஆனா அது மேடு. நம்ம கிள்ளான் மண்ணு களிமண், மத்தியானம் இடியோட ஒரு மழை அடிச்சா மறுநாள் காலையிலயும் தண்ணி நிக்கும். அதனால ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி போட்டு, மேல செம்பனைக் குலைச் சக்கையைப் பரப்பினோம். போன வருஷம் அதுல தக்காளி வெச்சு, பாதி வாடிப் போனது ஞாபகம் இருக்கும்.

அதே பாத்தியில நான் கத்திரி வைக்கப் போனப்ப ஒரு பெரியம்மா தடுத்தாங்க. காப்பார் பக்கம் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க, வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. "தம்பி, தக்காளி செத்த எடத்துல கத்திரி வைக்காதப்பா. ரெண்டும் ஒரே சாதி"ன்னாங்க. நான் பாக்டரியில முப்பது பேரை மேய்க்கிறவன் இல்லையா? எல்லார் முன்னாடியும், "பெரியம்மா, அதெல்லாம் லயத்து வீட்டுக் காலத்துப் பேச்சு. சுண்ணாம்பு போட்டாச்சு, உரம் போட்டாச்சு"ன்னு சொல்லிட்டேன். சில பேர் சிரிச்சாங்க. அடுத்த வாரத்துல இருந்து அவங்க தோட்டத்துக்கு வரல.

செடி பூ விட்டுச்சு. ஒரு நாள் மத்தியானம் இலையெல்லாம் பச்சையாவே தொங்கிப் போச்சு. சாயந்திரம் நிமிர்ந்துச்சு. வெயில்னு நினைச்சேன். நாலாவது நாள் அது எழுந்திரிக்கவே இல்ல. அப்புறம் பக்கத்துச் செடி. ஒரு தண்டை வெட்டி கண்ணாடி கிளாஸ் தண்ணியில தொங்க விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல வெட்டின இடத்துல இருந்து வெள்ளையா புகை மாதிரி இழை இழையா இறங்குது. பாக்டீரியா வாடல் நோய். வேர் வழியா ஏறி, தண்ணி போற குழாயை அடைச்சிடும். தக்காளி, கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம், எல்லாத்தையும் பிடிக்கும். மண்ணுல வருஷக்கணக்கா இருக்கும். மருந்து அடிச்சுப் போகாது. சூடும் ஈரமும் சேர்ந்தா அதுக்குக் கொண்டாட்டம், அதுதான் நம்ம ஊரு.

பாக்டரியில மெஷின் கெட்டா காரணத்தை எழுதி யார் தப்புன்னு கையெழுத்து வாங்குவேன். இங்க நானே எழுதி நானே கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, பிரசாதத்தை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நாக்கு எழவே இல்ல, சும்மா கிளாஸ் கதையைச் சொன்னேன். அவங்க கேட்டுட்டு, "வாய்க்கால் ஓரமா சுண்டைக்காய்ச் செடி இருந்துச்சே, எந்த மழைக்கும் அது சாகாதே, என்ன ஆச்சு?"ன்னாங்க. களைன்னு சொல்லி நான்தான் ஆளை விட்டு வெட்டச் சொன்னேன். அதையும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் "தப்பு என்னோடது பெரியம்மா"ன்னு வந்துச்சு. "சரி, டீ ஆறுது குடி"ன்னாங்க. அவ்வளவுதான்.

சுண்டைக்காய் வேர்ல கத்திரியை ஒட்டுக் கட்டினா இந்த நோயை நல்லாத் தாங்கும், ஜப்பான்ல எல்லாம் அப்படித்தான் செய்யறாங்க. வெட்டின கட்டையைச் சுத்தி சின்னச் செடி முளைச்சிருந்தது. பெரியம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து எது நல்லதுன்னு கை காட்ட, நான் பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சுத் துடைச்சு 12 ஒட்டுக் கட்டினேன். ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில மூடி நிழல்ல வெச்சோம். 7 பிழைச்சிருக்கு. நோய் பிடிச்ச பாத்தியில இந்த வருஷம் சோளமும் வெண்டையும்தான்.

விசாகத்துச் சாம்பாருக்கு நம்ம பயித்தங்காய் போகும், கத்திரிக்காய் பசார்லதான் வாங்கணும். நாத்துக் காசைத் திருப்பிக் கேட்கிறவங்க என்கிட்ட நேரா வாங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு கோத்தோங் ரோயோங். மண்வெட்டி இருக்கு, பூட்ஸ் நீங்க போட்டுட்டு வாங்க. பெரியம்மா வர்றாங்க, அவங்க சொல்ற இடத்துலதான் தோண்டணும்.