பிளாஷும் எட்டு முழ வேட்டியும்

என் மருமான் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். காமிரா வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இனி அதற்கு வேண்டிய சாமான்கள்: பிளாஷ், அதன் தலையில் மாட்டும் வெள்ளை மூடி, வட்ட விளக்கு, எல்.இ.டி. பலகை, சாஃப்ட்பாக்ஸ், டிரைபாட், இரண்டு மூன்று ஃபில்டர். ‘எதை முதலில் வாங்கலாம், மாமா?’ என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. இரண்டு நாளாகியும் என்னால் எழுத முடியவில்லை. என் மேஜை இழுப்பறையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது. அதில் இரண்டு போட்டோக்கள். இரண்டிலும் இருப்பவர் ஒருவரே. பட்டியலைப் படித்த கையோடு அந்தக் கவரை எடுத்துப் பார்த்தது பிசகு.

1978-ல் கும்பகோணத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தேன். கைமாறி வந்த ஸெனித்-ஈ காமிரா ஒன்று என்னிடம் இருந்தது. சோவியத் யூனியனில் செய்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ஷட்டரின் வேகம் முப்பதில் ஒரு விநாடியில் தொடங்கி ஐந்நூறில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். அதைவிட மெதுவாக வேண்டுமென்றால் ‘பி’ என்ற எழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்தியபடி வாயால் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதிலிருந்த 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ் நல்ல லென்ஸ். அது நல்ல லென்ஸ் என்று எனக்குத் தெரியப் பல வருஷங்கள் ஆயிற்று. அப்போதோ, படம் சரியாக வராததற்கெல்லாம் ஏதோ ஒரு சாமான் என்னிடம் இல்லாததே காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல பேனா ஒன்று கிடைத்தால் நாவலை ஆரம்பித்துவிடலாம் என்று காத்திருப்பவர்கள் நமக்குள்ளும் உண்டு.

முதலில் வாங்கியது பிளாஷ். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பர்மா பஜாரில் வாங்கினேன். பாதிச் சம்பளம் போயிற்று. கைடு நம்பர் 28. அதாவது நூறு ஏ.எஸ்.ஏ. ஃபிலிமில், மூன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவருக்கு எஃப் 8. ஏழு மீட்டரில் இருப்பவருக்கு எஃப் 4. வகுத்தல் கணக்கு. வங்கிக்காரனுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது என்பதைப் படித்திருந்தும் நான் நம்பவில்லை. எங்கள் இலக்கியக் கூட்டங்களில் நான் எடுத்த படங்களில் முன்வரிசைக்காரர்கள் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையில் இருட்டு, அந்த இருட்டில் இரண்டு மூன்று மூக்குக்கண்ணாடிகள் மட்டும். தவிர, ஸெனித்தில் முப்பதில் ஒரு விநாடிக்கு மேல் வைத்து பிளாஷ் அடித்தால் ஷட்டர் திரை முழுக்கத் திறந்திருக்காது. ஒரு கல்யாணத்தில் அவசரத்தில் மறந்துபோய், மாப்பிள்ளை இருக்கிறார், பெண் இருக்க வேண்டிய பாதி முழுக்கக் கறுப்பு.

கூட்டங்கள் நடந்தது ஒரு கவிஞரின் வீட்டில். பெயர் வேண்டாம். இதைப் படிப்பவர்களில் சிலர் யூகித்துவிடுவார்கள், மற்றவர்களுக்குப் பெயர் சொல்லியும் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் ஹிந்தி வாத்தியார். ஓட்டு வீடு, நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம். ஓயாமல் பேசுவார். 1979-ல் ஒரு சாயங்காலம் அவர் கவிதை வாசித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்று பிளாஷை அடித்தேன். வாசிப்பு நின்றது.

‘என்ன ஓய், என்னை எடுத்தீரா, பின்னாலிருக்கிற சுவரை எடுத்தீரா?’

பிரிண்டு வந்ததும் அவர் கேட்டது நியாயம் என்று தெரிந்தது. சுவரில் காதோரம் ஒட்டிக்கொண்டு கன்னங்கரேலென்று ஒரு நிழல். கண்ணாடியில் இரண்டு வெள்ளை நாணயங்கள். நெற்றியில் எண்ணெயும் வியர்வையும் பளபளக்க, கன்னம் என்று ஒன்று இல்லாமல், தட்டில் வரைந்த மாதிரி முகம். வாய் பாதி திறந்திருந்தது. போலீஸில் பிடிபட்டவர் மாதிரி இருந்தார். அவரிடம் காட்டவில்லை.

காரணம் எளிது. முகத்தின் மேடும் பள்ளமும் நிழலால்தான் நமக்குப் புலப்படுகின்றன. பார்க்கிற கண் இருக்கும் இடத்திலிருந்தே வெளிச்சமும் புறப்பட்டால், நிழல் எல்லாம் முகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும், பெரிய பரப்பிலிருந்து வர வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் இதற்கு ஒரு வழி சொல்லின: பிளாஷைக் கூரையைப் பார்த்துத் திருப்பு, அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களுக்கு எட்டடி உயரத்தில் வெள்ளையடித்த கூரை இருந்தது. எங்களுக்கு இருந்தது சரிந்த ஓடு, புகை படிந்த சட்டங்கள். மேலே போன வெளிச்சம் அங்கேயே தங்கிவிட்டது. உபகரணத்தைப் பற்றி எழுதுகிறவன் தன் வீட்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இலக்கிய விமர்சனத்தில் இதே விஷயத்தை மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன்.

உதவியது ஒரு ஒயர். என் ஸெனித்தில் பிளாஷை மாட்டும் இடம் வெறும் தகரப் பள்ளம். மின்தொடர்பு தனியாக ஒரு குட்டி ஒயர் வழியாக. பெரிய கடைத்தெரு ஸ்டூடியோக்காரர் ஒருவர் அந்த ஒயரை நாலடிக்கு நீட்டிக் கொடுத்தார். பிளாஷைக் கழற்றி இடது கையில் உயரத் தூக்கிப் பிடித்து, வலது கையால் காமிராவை அழுத்தினால், மூக்குக்கு ஒரு பக்கம் கிடைத்தது, கண்ணாடியிலிருந்த நாணயங்கள் போயின. அதற்கு ஆன செலவு இரண்டு காபிக்கு ஆகும். ஆனாலும் ‘இதைவிடப் பெரிய பிளாஷ்’ என்ற ஆசை தீரவில்லை.

1982-ல் அவருடைய முதல் தொகுதி வருவதாக இருந்தது. பின்னட்டைக்குப் படம் வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். பையிலிருந்து பிளாஷை எடுத்தால் உள்ளே பேட்டரிகள் ஒழுகிப் பச்சை பூத்திருந்தது. கிளம்புகிறேன் என்றேன்.

‘வந்தது வந்தீர், உட்காரும். வெளிச்சம் இருக்கே’ என்று முற்றத்தைக் காட்டினார்.

அதற்குச் சில மாதம் முன்பு திருச்சியில் ஒரு பிலிம் சொசைட்டி காட்சியில் ‘அபராஜிதோ’ பார்த்திருந்தேன். 1956-ல் வந்த படம். அதில் வரும் காசி வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். சுப்ரதா மித்ரா அந்த முற்றத்துக்கு மேலே ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி இறங்கிய வெளிச்சத்தில் படமெடுத்தார். நிஜ ஆகாயத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். அவர் அத்தனை பாடுபட்டு உண்டுபண்ணியது கும்பகோணத்தில் தினம் சும்மா இறங்கிக்கொண்டிருந்தது.

அவரைத் தாழ்வாரத்தில் தூணருகே, முற்றத்துக்குப் பக்கம் காட்டி உட்காரவைத்தேன். ஆகாயப் பக்கத்துக் கன்னம் தெளிவாக இருந்தது, மறுபக்கம் கிணறு மாதிரி. மாமியிடம் ஒரு வெள்ளை வேட்டி கேட்டேன். கொடியில் உலர்ந்துகொண்டிருந்த எட்டு முழ வேட்டியை எடுத்துவந்து, ‘இதை எதுக்கு அவருக்குப் போர்த்தப் போறேள்?’ என்றாள். இருட்டுப் பக்கம், முகத்திலிருந்து மூன்றடியில், தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே கட்டினேன். கிணற்றுக்குள் தண்ணீர் தெரிந்தது. வேட்டியை அரையடி தள்ளினால் நிழல் ஆழமாகும், நெருக்கினால் கரையும். பிளாஷில் இதெல்லாம் அடித்து, கழுவி, பிரிண்டு போட்ட பிறகுதான் தெரியும். இங்கே கண்ணெதிரே நடந்தது.

ஃபிலிம் கிழக்கு ஜெர்மனி ஓர்வோ, 125 ஏ.எஸ்.ஏ. சாயங்கால வெளிச்சத்துக்கு எஃப் 11-ல் ஒரு விநாடி வேண்டியிருந்தது. ‘பி’யில் வைத்து, டிரைபாடில் நிறுத்தி, கேபிள் ரிலீஸை அழுத்தி ‘ஒன்று’ என்று சொல்லி விடவேண்டும். டிரைபாட் லேசான அலுமினியம். நடுத்தண்டை உயர்த்தினால் அருகம்புல் மாதிரி ஆடும். தண்டை இறக்கிவிட்டு, கொக்கியில் துணிப்பையைக் கட்டி அதில் அம்மிக் குழவியைப் போட்டேன்.

ஒரு விநாடி அசையக் கூடாது என்றால் பேசக் கூடாது. பன்னிரண்டு படம் எடுக்க முக்கால் மணி ஆயிற்று. நாலு வருஷப் பழக்கத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. முதல் நாலைந்து படங்களில் போட்டோவுக்கு உட்கார்ந்தவரின் முகம். பிறகு அது களைந்துபோயிற்று. அவர் முற்றத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கே தெரியாத ஒரு மனுஷர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய கவிதைகளில் மட்டும் நான் சந்தித்திருந்தவர். ஏழாவது ஃபிரேம்.

தொகுதி வந்தது, படமில்லாமல். பிளாக் போடப் பணமில்லை.

அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் இருந்தார். மூன்று தெரு தள்ளி. மறுபடி ஒரு நாள் அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் ஜூம் லென்ஸுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

1986-ல் இறந்தார். ஒரு சிறு பத்திரிகை நினைவுக் குறிப்புக்குப் படம் கேட்டது. நான் இரண்டையும் அனுப்பினேன். ஏன் இரண்டையும் அனுப்பினேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். வந்தது பிளாஷ் படம். கோபமாக எழுதினேன். பதிலுக்கு ஆசிரியர் ஒரு புரூஃப் காகிதம் அனுப்பிவைத்தார், வேறொன்றும் எழுதவில்லை. முற்றத்துப் படத்தைத்தான் முதலில் பிளாக் செய்திருக்கிறார்கள். அங்குலத்துக்கு 65 கோடு ஸ்கிரீன், மட்டமான காகிதம், மை அப்பும் டிரெடில். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நான் வேட்டியை நகர்த்தி நகர்த்திச் சேர்த்த சாம்பல் நிறங்கள் எல்லாம் ஒன்றாகச் சேறாகிவிட்டன. மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி இருந்தது. பிளாஷ் படம் தேங்காய் உடைத்த மாதிரி, வெள்ளை வெள்ளையாக, கறுப்பு கறுப்பாக. பிளாக்குக்கென்றே எடுத்தது போல. அவர்களைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

அப்புறம் எங்கே அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பக்கத்திலிருந்து பிரதி எடுத்ததுதான். இப்போது டெலிபோனில் சுற்றுகிறது, பிளாக்கின் புள்ளிகளோடு. சென்ற வருஷம் அவருடைய கவிதைகளில் ஈடுபாடுள்ள ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார்: ‘ரொம்பக் கோபக்காரரோ, சார்?’

மருமானுக்குக் கடைசியில் எழுதினேன். வட்ட விளக்கு வேண்டாம், எல்லோருக்கும் ஒரே முகம், கண்மணியில் ஒரு வளையம். வெள்ளை மூடி அறைக்குள் கொஞ்சம் உதவும், ஏனென்றால் அது வெளிச்சத்தைச் சுவர்களில் எறிகிறது. வெட்டவெளியில் எறிய ஒன்றுமில்லை, பேட்டரி தீரும். சாஃப்ட்பாக்ஸ் நல்லதுதான், ஆனால் மிருது என்பது பெட்டிக்குள் இல்லை. முகத்துக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு பெரிதாக என்பதில் இருக்கிறது. இரண்டடிப் பெட்டியை இரண்டடியில் வைத்தால் மெத்து, பத்தடியில் வைத்தால் மொட்டை பல்பு. சூரியன் எவ்வளவு பெரியது, நிழல் கத்தி மாதிரி விழவில்லையா? எல்.இ.டி. வாங்கினால் மலிவானது வேண்டாம், தோல் பச்சை பாய்ந்து தெரியும். ஃபில்டருக்குப் பதில் லென்ஸ் ஹூட். பிளாஷ் வேண்டுமானால் சின்னதாக ஒன்று, காமிராவை விட்டுத் தள்ளி வைக்கும் வசதியோடு. இப்போது அதற்கு ஒயர்கூட வேண்டாம், ரேடியோ டிரிக்கர் வந்துவிட்டது. என் பழைய பிளாஷைக் கேட்காதே, அதன் முனையில் இருநூறு வோல்ட்டுக்கு மேலேயே இருக்கலாம், உன் காமிராவின் சர்க்யூட் தாங்காது.

அந்த ஏழாவது ஃபிரேமின் நெகடிவ் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் பூசணம் பிடித்திருக்கிறது, முகத்துக்கு இன்னும் வரவில்லை. அதை ஸ்கேன் செய்ய நல்ல இடம் ஒன்று மருமானுக்குத் தெரியுமாம். அடுத்த மாதம் வருகிறான். டிரைபாட் மட்டும் வாங்க வேண்டாம், என்னுடையதை எடுத்துக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது காலின் திருகு வழுக்கும். விரலால் இறுக்கினால் போதாது, ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்ப வேண்டும். கொக்கியில் கட்டக் கனமாக ஏதாவது அவனே பார்த்துக்கொள்வான்.