கிராண்ட் நதிக்கரையில் ஒரு சிகரெட் ஆலை

அன்புள்ள நண்பனுக்கு,

ரொறன்ரோவிலிருந்து ஹமில்ரன் தாண்டி, பிராண்ட்ஃபோர்ட்டுக்குத் தெற்கே ஓஸ்வீக்கன் என்ற ஊர்வரை வந்தேன். மொஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்ற ஆறு தேசத்தார் சேர்ந்து வாழும் மண் இது. கனடாவின் பூர்வகுடிக் குடியிருப்புகளில் பதிவுபெற்ற மக்கள் அதிகமுள்ளது இதுதான்.

சீஃப்ஸ்வுட் வீதியில் போனால் வயல், வீடு, பிறகு ஒரு சிகரெட் கடை, சற்றுத் தள்ளி இன்னொன்று. பலகை அடித்த சின்னக் கொட்டில்களும் உண்டு, கார் நிறுத்த இடம்விட்ட பெரிய கடைகளும் உண்டு. இதே வீதியில்தான் கிராண்ட் ரிவர் என்டர்பிரைசஸ் ஆலை இருக்கிறது. 1990களில் இந்த ஊர்க்காரர்களே தொடங்கியது. செனகா, சேகோ என்ற பெயர்களில் சிகரெட் செய்து இங்கும் விற்கிறார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன்.

பூர்வகுடிச் சிகரெட் என்றாலே கள்ளக் கடத்தல் என்று நகரத்தில் பலர் சொல்வதை நீயும் கேட்டிருப்பாய். அது நியாயமில்லை. இந்த ஆலை ஒட்டாவாவிடம் உரிமம் பெற்றது, மத்திய அரசுக்குக் கலால் வரி கட்டுகிறது. உரிமம் இல்லாமல் செய்து, பிளாஸ்டிக் பையில் 200 போட்டு மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு சரக்கு. சண்டை பெரும்பாலும் மாகாண வரியைப் பற்றியது. பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் தமக்காக வாங்கும் சிகரெட்டுக்கு அந்த வரி இல்லை. ஆனால் எத்தனை பெட்டி வரலாம் என்று ஒன்ராறியோ ஒரு பங்களவு வைத்திருக்கிறது. நம் நிலத்தில் நாம் விற்பதை எண்ணிச் சொல்ல நீ யார் என்பது இவர்களுடைய கேள்வி.

அந்தக் கேள்வியின் வேர் நிலத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியரின் பக்கம் நின்று சொந்த மண்ணை இழந்தவர்களுக்கு, 1784இல் ஆளுநர் ஹால்டிமண்ட் இந்த நதியின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய 9,50,000 ஏக்கர். இன்று கையில் மிஞ்சியிருப்பது 46,000 ஏக்கர் அளவில். 1923இல் டெஸ்கஹே என்ற கயூகா தலைவர் நீதி கேட்டு ஜெனீவாவுக்கே போனார். சர்வதேச சங்கம் அவர் வழக்கைச் சபைக்கு எடுக்கவில்லை. மறு வருடம் கனடா அரசு இவர்களின் பரம்பரைத் தலைவர் சபையை அகற்றித் தேர்தல் சபையை வைத்தது. இவ்வளவும் பட்டவர்கள், வரி கேட்டு அரசிடமிருந்து வரும் கடிதத்தை வெறும் வரிக் கடிதமாகப் படிப்பார்களா?

ஆலைக்காரர்களும் சர்வதேச நடுவர்முன் நின்றவர்கள்தான். 1998இல் அமெரிக்காவின் 46 மாநிலங்கள் பெரிய சிகரெட் கம்பனிகளோடு ஒரு பெரும் உடன்பாடு செய்தன. அதில் சேராத கம்பனிகளும் விற்பனைக்கு ஏற்பப் பணத்தை முடக்கி வைக்கவேண்டும் என்று பிறகு சட்டங்கள் வந்தன. எங்களை யாரும் கேட்கவில்லையே என்று இவர்கள் 2004இல் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். எல்லை தாண்டி வணிகம் செய்ய இடம் தந்த 1794ஆம் ஆண்டு ஜே உடன்படிக்கையையும் எடுத்துக் காட்டினார்கள். 2011இல் தோற்றார்கள். பூர்வகுடிகளைப் பாதிக்கும் முடிவுக்கு முன் அவர்களைக் கலந்து பேசும் கடமை இருக்கக்கூடும், ஆனால் அது ஒரு மக்கள் கூட்டத்துக்கு உரியது, தனி முதலீட்டாளருக்கு அல்ல என்றது நடுவர் மன்றம். அந்த இடத்தை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். உரிமை இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே கதவை மூடிய தீர்ப்பு அது.

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு இந்தப் பயிர் தந்த சோறும் தெரியும், அது கொடுத்த இருமலும் தெரியும். இங்கே அது இன்னும் ஆழமான சங்கதி. இவர்கள் சடங்குக்கு வளர்ப்பது வேறு இனம்: குட்டையான செடி, மஞ்சள் பூ, காரம் அதிகம். அதைத் தீயிலிட்டால் சொல்லும் நன்றி புகையோடு படைத்தவரைச் சேரும் என்பது நம்பிக்கை. பெரியவர் ஒருவரிடம் அறிவுரை கேட்கப் போகிறவர் ஒரு பிடி இலையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாய் திறப்பார். ஆலையில் பெட்டிக்குள் போவது அந்த இலை அல்ல. மேற்கே பக்கத்திலிருக்கும் நோர்ஃபோக் மாவட்டத்தின் மணல் நிலத்தில் வெள்ளைக்கார விவசாயிகள் நூறு வருடமாக வளர்ப்பதும் சூட்டறையில் உலர்த்தும் சிகரெட் புகையிலைதான்.

சிகரெட் ஆளைக் கொல்லும். யார் செய்தாலும் கொல்லும். அந்த ஆலையை நான் கொண்டாடமாட்டேன். ஆனால் சம்பளம் தரும் இடங்கள் குறைந்த ஊரில் அது வேலை கொடுக்கிறது, அறக்கட்டளை வழியாகப் பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் பணம் போகிறது. அதை மூடு என்று சொல்லும் தகுதி நிலத்தைப் பிடுங்கிய அரசுக்கு இல்லை. சொல்வதானால் இந்த ஊரே சொல்லவேண்டும்.

2023 நவம்பரில் கியூபெக் உயர் நீதிமன்றம், ககனவாகே மொஹாக்கர் இருவர்மீதான புகையிலை வரி வழக்கை நிரந்தரமாக நிறுத்தியது. புகையிலை வணிகம், பொருளாதார வளர்ச்சியைச் சுதந்திரமாகத் தேடும் மொஹாக்கரின் பூர்வகுடி உரிமைக்குள் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. இங்கே பலருக்கும் அது தெரிந்த செய்தி. முழுத் தீர்ப்பும் நீளமானது. படித்து முடித்ததும் அடுத்த கடிதத்தில் அதைப்பற்றி விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்