மேல் மாடிக்கும் விளங்கட்டும்



எமது பள்ளியின் சுவர்களில் பதித்திருக்கும் ஸ்பீக்கர்களை நோன்புக்கு முன் மாற்றப் போவதாக ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தார்களாம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல முடிவு. காசும் சேரத் தொடங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் சீட்டுக் காசிலிருந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். முட்டை விற்றுச் சேர்த்ததைக் கொடுத்த மூத்தம்மாவும் இருக்கிறா. மேல் மாடியில் தொழுகின்ற பெண்களாகிய நாம், வேலை தொடங்குவதற்கு முன் நிர்வாக சபையிலுள்ள எங்கள் வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம். இது குறை சொல்வதற்கல்ல. கீழே இருந்து பார்த்தால் தெரியாத விடயம் என்பதால்தான் எழுதுகிறோம்.

கீழே தொழுபவர்களுக்கு இமாம் தெரிகிறார், அல்லது முன் ஸஃப்பாவது தெரிகிறது. எங்களுக்கு எதுவும் தெரியாது. எங்களுக்கும் இமாமுக்கும் இடையில் இருப்பது அந்த இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும்தான்.

போன றமழானில் ஒரு நாள் தராவீஹில் ஸஜ்தா திலாவத் வந்தது. தொழுகைக்கு முன் இமாம் அதை அறிவித்தாராம். மேலே இரைச்சலாகக் கேட்டதே தவிர சொல் விளங்கவில்லை. தக்பீர் கேட்டதும் பாதிப் பேர் ருகூஉக்குப் போனார்கள், பாதிப் பேர் ஸஜ்தாவுக்குப் போனார்கள். அடுத்த தக்பீருக்கு இமாம் நிலைக்கு வந்துவிட்டார். ருகூஉவில் நின்றவர்கள் ஸஜ்தாவுக்குப் போனார்கள். ஸலாம் கொடுத்த பிறகு, “நம்மட தொழுகை கூடிச்சா?” என்று ஒரு உம்மா அழுதுகொண்டே கேட்டா. மின்சாரம் போகும் நாட்களிலும் இதே நிலைதான். இமாம் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் நிற்போம்.

இமாமின் சத்தம் பின்னாலுள்ளவர்களை அடைய வேண்டும் என்பது இன்று வந்த யோசனையல்ல. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நோயுற்று உட்கார்ந்து தொழுவித்தபோது, அபூபக்ர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள்தான் தக்பீரை மக்களுக்குக் கேட்கும்படி சொன்னார்கள். அந்த வேலையை இன்று ஸ்பீக்கரிடம் கொடுத்திருக்கிறோம்.

இனி விடயத்துக்கு வருவோம். “வாட்ஸ் கூடின ஸ்பீக்கராப் போட்டாச் சரி” என்று பலரும் சொல்கிறார்கள். 100 வாட்ஸை 200 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காவதில்லை. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எங்கள் பிரச்சினையோ சத்தம் குறைவு என்பதல்ல. சத்தம் இருக்கிறது, விளக்கம் இல்லை.

அதற்குக் காரணங்கள் உண்டு. பேச்சில் உயிரெழுத்து பலமாகக் கேட்கும். சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்தின் ஒலி மெல்லியது, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பது. ஸீன், தே என்ற எழுத்துக்களின் வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. வயது போகும்போது காது முதலில் இழப்பதும் அந்த உயர்ந்த ஒலிகளைத்தான். ஸ்பீக்கர் பழுதானால், அல்லது பேஸைக் கூட்டி வைத்தால், முதலில் மறைந்து போவதும் அவைதான். அதனால்தான் வயதானவர்கள் “சத்தம் கேக்குது, பேச்சு விளங்குதில்ல” என்கிறார்கள். அவர்களுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது.

அடுத்தது எதிரொலி. தரையில் டைல்ஸ், பக்கத்தில் கண்ணாடி, மேலே கொங்கிரீட். எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்புபவை. சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். கீழே முன்சுவரிலிருந்து வரும் சத்தம், எங்கள் தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கரின் சத்தத்தை விட 17 மீற்றர் கூடுதலாக வந்தால், செக்கனில் இருபதில் ஒரு பங்கு பிந்தும். அதற்கு மேல் போனால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழத் தொடங்கும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள்:

1. முதலில் மைக்கையும் வயரையும் பாருங்கள். மைக் சரியில்லாவிட்டால் எந்த ஸ்பீக்கரும் சரியாகப் பேசாது. கடல் காற்றில் வயரின் நுனி கறுத்துப் போகும், ஸ்பீக்கரின் ஓரத்திலுள்ள ஸ்பொஞ்ச் உக்கிப் போகும். சில இடங்களில் நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்டினாலே போதும்.

2. மேல் மாடிக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாக, குறைந்த சத்தத்தில் நாலைந்து சிறியவற்றைப் போடுங்கள். பக்கத்திலிருந்து மெதுவாக வரும் சத்தம் தூரத்திலிருந்து பலமாக வருவதை விட விளங்கும்.

3. இப்போதுள்ளவை சீலிங்குக்குக் கிட்ட, நேராகப் பார்த்தபடி பதிக்கப்பட்டிருக்கின்றன. சத்தம் தலைக்கு மேலால் போய் எதிர்ச்சுவரில் படுகிறது. பயான் கேட்பவர்கள் தரையில் அல்லவா இருக்கிறோம்! பழைய ஓட்டைக்குள்ளேயே புதியதைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓட்டையை மூடிவிட்டு, கீழ்நோக்கிச் சரித்துப் பூட்டலாம்.

4. மேல் மாடியின் சத்தத்தைத் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் வசதி வேண்டும். கீழே ஃபேனும் சனமும் கூடும்போது எங்களுக்கும் சேர்த்துக் கூட்டத் தேவையில்லை.

5. எல்லா ஸ்பீக்கரையும் ஒரே அம்ப்ளிஃபையரில் கண்டபடி கொழுவ விட வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கர் நான்கைப் பக்கவாட்டில் இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், அம்ப்ளிஃபையர் சூடாகிப் பழுதாகும். பள்ளி போன்ற இடத்துக்கு 100 வோல்ட் லைன் முறை பொருத்தம். அதிலும் ஸ்பீக்கர்களின் மொத்த வாட்ஸ் அம்ப்ளிஃபையரின் அளவைத் தாண்டக் கூடாது.

6. பெற்றரியிலும் இயங்கும் அம்ப்ளிஃபையர்கள் கடைகளில் உண்டு. கரண்ட் போனாலும் தொழுகை குழம்பாது.

உள்ளே தெளிவாகக் கேட்டால் தராவீஹுக்கு வெளி ஹோர்ன் தேவைப்படாது. பக்கத்து வீடுகளில் படிக்கின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், நோயாளிகள் இருக்கிறார்கள், பிற சமயத்து அயலவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் மிம்பருக்குக் கீழே நின்று “ஹலோ, ஹலோ” என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று அறிய நாம் சொல்வதெழுதுதல் வைப்போம். அதையே இங்கும் செய்யலாம். கலை, சிலை, தலை, மலை, வலை, விலை, உலை. இப்படி ஒரே ஓசையுள்ள இருபது சொற்களை மாற்றி மாற்றி ஒருவர் மைக்கில் வாசிக்கட்டும். மேல் மாடியின் நான்கு மூலையிலும் நடுவிலும் இருந்து நாங்கள் எழுதுகிறோம். வயதான உம்மாமாருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்து, அவர்களுக்கு விளங்கியதை எழுதும். ஆட்கள் நிறைந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்பதால், மேல் மாடி நிறையவே வருவோம். எந்த மூலையில் பிழை கூடுகிறதோ அந்த மூலை ஸ்பீக்கரைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் தாருங்கள். கொப்பியும் பேனையும் நாங்கள் கொண்டு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.