ஒரு நாள் பேர்

பேராதனையில் நாங்கள் ஆறு பெட்டையள் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். எல்லாரும் கலைப்பீடம், மூன்றாம் வருடம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கட வீட்டில் 'ஊர்ச் சாப்பாடு' நடக்கும். விதி ஒன்றுதான்: யாருடைய ஊரோ, அங்கே போய், அந்த வீட்டு அடுப்படியில் நின்று பழகி வந்துதான் சமைக்க வேண்டும். யூடியூப் பார்க்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் பழகினோம். ஒடியல் மாவை ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணியை ஊற்றாவிட்டால் கூழ் கசக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. மட்டக்களப்பில் எருமைப் பாலைக் காய்ச்சிச் சட்டியில் தயிராக்கப் பழகினோம். வந்த நண்பர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஹட்டன் பக்கத்துத் தோழி மட்டும் தன்ர முறையைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "எங்க வீட்டுல ஸ்பெஷலா ஒன்னும் இல்லடி" என்பாள். நாங்கள் விடவில்லை. 2023 இல் 'மலையகம் 200' க்காகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்களின் படங்களைப் பகிர்ந்த ஆக்கள் நாங்கள். ஆனால் ஒரு லயத்து வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

விரிவுரை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை கண்டியில் பஸ் ஏறினோம். அம்மா கோழிக்கறியும் சோறும் ஆக்கி வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, "மலைக்கு நீங்கள் கொண்டு போற சாப்பாட்டைக் காட்டுங்கோ அம்மா" என்று கேட்டோம்.

"அதப் போயி யாராச்சும் விருந்துக்குப் போடுவாங்களா புள்ள?" என்று சிரித்தார். பிறகு கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அடுப்பில் வைத்தார். உருண்டையைக் கையாலேயே தட்டிக் கல்லில் போட்டார். செத்தல் மிளகாய், வெங்காயம், தேங்காய் மூன்றையும் அம்மியில் அரைத்துச் சம்பல். ரொட்டி தடிப்பாக இருந்தால்தான் மத்தியானம் வரைக்கும் பசி தாங்குமாம். விடியப் போகிறவர்களுக்கு அதுதான் கணக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தோழி மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கு அம்மாவுக்குப் பேர் இல்ல."

பேர் என்றால் அன்றைய சம்பளக் கணக்கு. சொன்ன கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. எங்களுக்குச் சமைக்க அவர் மலைக்குப் போகவில்லை. கோழியும் காசுதான். எந்த நாள் வந்தால் வசதி என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் ஏன் இவ்வளவு நாளும் தள்ளிப் போட்டாள் என்பதற்கு வெட்கம் என்று நாங்களே ஒரு காரணம் வைத்திருந்தோம். கினிகத்தேனையில் இருந்து நாவலப்பிட்டி வரை ஒருவரும் கதைக்கவில்லை.

காசு கொடுத்தால் அவர் வாங்க மாட்டார், மனம் நோவார். அதனால் விதியை மாற்றினோம். இனி ஒரு வீட்டுக்குப் போவதென்றால் அந்த வீட்டாருக்கு லீவு நாளில். சாமான் எங்கட. சமையலும் எங்கட.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவும் தேங்காயும் தூக்கிக்கொண்டு திரும்பப் போனோம். அம்மாவை வாசலில் இருத்திவிட்டு நாங்கள் ரொட்டி தட்டினோம்.

"ஓரம் வேகல புள்ள" என்றார்.

ஆனால் இரண்டு சாப்பிட்டார்.