ரிப்பன் மாளிகை

ஒரு நகரின் பெருமையை அதன் கோட்டையில் காண்பாரும் உளர். கோயிலில் காண்பாரும் உளர். ஆனால், அந்நகர மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் முறையை அறிய விழைவோர் காண வேண்டியது அதன் மாநகராட்சி மன்றத்தையே. சென்னைக்கு அத்தகைய மன்றமாக விளங்குவது ரிப்பன் மாளிகை.

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் தோன்றியது. இந்தியாவிலேயே மிகப் பழமையானது. அதற்கு இம்மாளிகை அமைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. 1909-ஆம் ஆண்டு டிசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913-ஆம் ஆண்டு நவம்பரில் ஹார்டிஞ்சு பிரபு திறந்து வைத்தார். வரைபடம் வகுத்தவர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர். கட்டி எழுப்பியவர் லோகநாத முதலியார். செலவு ஏழரை லட்சம் ரூபாய்.

மத்திய ரயில் நிலையத்தை அடுத்து வெண்ணிறம் பூண்டு நிற்கும் இம்மாளிகை 252 அடி நீளமும் 126 அடி அகலமும் உடையது. நடுவே 132 அடி உயரக் கோபுரம். அதில் எட்டடி விட்டமுள்ள கடிகாரம். தூண்களும் வளைவுகளும் மேலைநாட்டுப் பாணியின. ஆயினும், சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல்; மேல்தளத்தைத் தாங்குவன தேக்குமர உத்தரங்கள்; முதலில் தரையில் பதித்தது கடப்பைக் கல். தோற்றம் மேலைநாட்டதாயினும் உடல் இந்நிலத்ததே.

இதற்குப் பெயர் தந்தவர் 1880 முதல் 1884 வரை அரசப் பிரதிநிதியாக இருந்த ரிப்பன் பிரபு. 1882-இல் அவர் வெளியிட்ட தலத் தன்னாட்சித் தீர்மானத்தின் உயிர்க்கருத்து, ஊராட்சி என்பது மக்களுக்கு அரசியற் கல்வி அளிக்கும் பள்ளி என்பதாகும். எனினும், அப்பள்ளியின் வாயில் எல்லார்க்கும் திறக்கவில்லை. வாக்குரிமை சொத்துடையோரிடமும் வரி செலுத்துவோரிடமும் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது.

இம்மாளிகையின் சுவர்கள் எழுந்த ஆண்டுகள், ரப்பர் விலை உச்சத்தைத் தொட்ட ஆண்டுகளுமாகும். சென்னை, நாகப்பட்டினத் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். நெகிரி செம்பிலானில் சிரம்பான், ரந்தாவ், லாபு வட்டாரத் தோட்டங்களில் காட்டை அழித்துப் பால்மரம் வளர்த்தவர்கள் அவர்களே. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது; கங்காணி முறையோ 1938 வரை நீடித்தது. அங்கே தன்னாட்சியின் பெயரால் மாளிகை எழுந்தது. இங்கே லயத்து வாசலில் பிரட்டுக்கு நின்றவனுக்குத் தன் வாழ்வைப் பற்றித் தானே தீர்மானிக்கும் உரிமை இல்லை.

அம்மாளிகையின் உண்மைப் பெருமை 1920-இல் வெளிப்பட்டது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயரின் முயற்சியால், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்க மன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. ஏழரை லட்சத்தில் எழுந்த மாளிகைக்கு அந்த ஓர் அணாவே அணிகலன் அன்றோ! அரசின் தடையால் சில ஆண்டுகளில் அது நின்றபோதும், பின்னாளில் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய திட்டத்திற்கு முன்னோடி அதுவே.

மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கப் பணித்தது. அப்பள்ளிகளுக்குத் தேக்கு உத்தரமும் இல்லை. கோபுரக் கடிகாரமும் இல்லை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். ஆயினும், எழுத்தறிந்த பிள்ளை கூலிச்சீட்டைப் படித்துக் கணக்குக் கேட்கக் கற்றது அக்கொட்டகையில்தான்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு லயங்கள் மறைந்துவிட்ட இந்நாளிலும் தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. அங்கே மாணவர் மன்றத்தில் எழுந்து தன் கருத்தைச் சொல்லி, மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்டு, பலர் கூடி எடுத்த முடிவுக்குக் கட்டுப்படும் பிள்ளை பெறுவதும் அந்த அரசியற் கல்வியே. அது நிகழும் இடம் தகரக் கூரையாயினும் அதுவும் ஒரு மாளிகையே.