யாருக்காக அந்த விளக்கு?

எங்கள் புளியங்குடிக்காரர்களுக்கு மேற்கே மலை. ஊருக்குள் எலுமிச்சம்பழ மூட்டை. கடல் எங்கள் கண்ணுக்கு எட்டாது. ஆனாலும் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் சுகதுக்கம் கப்பலில்தான் வந்து போயிற்று. இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்களில் என் மாமியாரின் தகப்பனாரும் ஒருவர்.

ராமேசுவரத்தில் கூட்டத்தைப் பார்க்க ஆடி அமாவாசைக்குப் போகலாம். தீவைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி மழையில் போக வேண்டும். சென்ற ஐப்பசியில் எழுபத்தைந்தைத் தாண்டிய அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பாம்பன் கால்வாயோரம் பழைய கலங்கரை விளக்கம். 1914-இல் கட்டிய ரயில் பாலமும், 2025-இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்திலேயே. பாலத்துக்கு வேலை ரயில் வரும்போது. விளக்குக்கோ ராத்திரி முழுவதும் உத்தியோகம்.

தனுஷ்கோடியில் சமீபத்தில் எழுந்த கோபுரம் இன்னும் உயரம். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலே, கடலும் வானமும் தொடுகிற விளிம்பு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். சிதறும் ஒளியை வளையம் வளையமான கண்ணாடியால் ஒரே திசைக்குத் திருப்பும் வித்தையை, பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனெல் 1820-களில் கண்டார். ஒவ்வொரு விளக்கும் மின்னும் கணக்கு வேறு. அந்தக் கணக்கே அதன் பெயர். மாலுமி எண்ணிப் பார்த்து இது இன்ன ஊர் என்று சொல்லிவிடுவான்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், பிரயாணிகளோடு கடலில் போயிற்று. சிக்னல் விளக்குத் தெரியாமல் நின்று, பிறகு இருட்டில் நகர்ந்த வண்டி அது என்பார்கள்.

"அப்பா அந்த வாரம் வர்றதா எழுதியிருந்தாக, மாப்பிள்ளை" என்றார் அத்தை. "மார்கழி பூராவும் வீட்டில யாரும் சரியாச் சாப்பிடல. தை பிறக்க ரெண்டு நாள் இருக்கையில கடுதாசி வந்துது. லீவு கிடைக்கலையாம், புறப்படவே இல்லையாம்!"

இடிந்த மாதா கோயில் சுவரைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். பிறகு கோபுரத்தைக் காட்டி, "இப்பத்தான் கப்பலே வரலியே. யாருக்காக இதைக் கட்டியிருக்காக?" என்று கேட்டார்.

வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நிமிர்ந்தார். "எங்களுக்குத்தான் ஆத்தா. போட்டுல வழி காட்டுற மெஷின் இருக்கு. மழையில நனைஞ்சா அது செத்துப்போயிரும். அப்ப இந்த வெளிச்சந்தான். கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சிட்டாலே பாதி பயம் போயிரும்."

இருட்டுமுன் அந்த இடத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும். மேகம் கவிந்து சீக்கிரமே மங்கியது. வண்டி சிறிது தூரம் வந்ததும் அத்தை திரும்பிப் பார்த்தார். விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

வீட்டில் விளக்கு வைத்ததும் கும்பிடுவாரே, அப்படியே கைகூப்பினார். பிறகு உதடு அசைய எதையோ எண்ண ஆரம்பித்தார். மந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டேன்: "ஒண்ணு, ரெண்டு, மூணு..." அடுத்த மின்னலுக்காகக் காத்திருக்கிறார்!