மின்விசிறி தேவைப்படாத ஊர்

ஆடி மாதம் மதுரையில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்குள் அம்மன் கோயில் குழாய் ரேடியோ ஆரம்பித்துவிடும். கூழ் ஊற்றும் நேரத்துக்கு மைக்கில் அழைப்பு, ராத்திரி வில்லுப்பாட்டு. அந்த மாதம் பார்த்துத்தான் என் மகள் கேட்டாள், "அம்மா, சத்தமே இல்லாத ஒரு வீடு வேணும். அஞ்சு நாளைக்கு."

அவளிடம் ஒன்பது பாட்டுகள் இருக்கின்றன. அவளே எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்துப் பாடுபவை. மொத்தம் 34 நிமிடம். அக்டோபரில் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு முன் அவற்றைப் பதிவு செய்து தன் முதல் ஆல்பமாக வெளியிட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. "வேலைல சேந்துட்டா அப்புறம் எப்பவும் அடுத்த வருஷம்தான்" என்றாள். என் வயதில் உள்ளவர்களுக்கு அது புரியும்.

போன வருடம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு பாட்டைப் பதிவு செய்தாள். காதில் தாளம் கேட்க, முதலில் கிடார் மட்டும். பிறகு குரல் மட்டும், வரி வரியாக. பிறகு டிரம்ஸ் சேர்த்தார்கள், சுருதியைக் கம்ப்யூட்டரில் சரி செய்தார்கள். அவர்கள் செய்ததில் தப்பில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கும் பிடித்திருந்தது. இவள்தான் அதன்பின் மூன்று மாதம் கிடாரைத் தொடவில்லை. "அதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

இந்த முறை கிடாரும் குரலும் ஒன்றாக, ஒரே மூச்சில். வேறு வாத்தியம் கிடையாது. ஜஸ்டின் வெர்னான் என்ற அமெரிக்கப் பாடகர், 'பான் ஐவர்' என்ற பெயரில் தந்த முதல் ஆல்பத்தை, விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தாராம். 2007-ல் தானே வெளியிட்டார், உலகமே கேட்டது என்றாள்.

"அவர் வீட்டுல பனி. நம்ம வீட்டுல ஃபேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் பிரச்சினை அதுதான். இந்த மாதிரிப் பதிவுக்கு வைக்கும் கண்டென்சர் மைக், சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கைக்கூட விடாது. டிரம்ஸ் இருந்தால் அதில் அமுங்கிவிடும். ஒரு கிடாரும் ஒரு குரலும் மட்டும் என்றால், ஃபேன் மூன்றாவது பாடகராக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபேனை அணைத்தால் நாலாவது நிமிடம் விரல் வியர்த்துக் கம்பியில் வழுக்கும். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் இல்லாமல் பாடிவிட்டு, குளித்தவள் மாதிரி வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். மூடிய கதவு வழியாகக் கேட்டதுதான் அந்தப் பாட்டுகளில் எனக்குத் தெரிந்தது.

ஃபேன் வேண்டாத ஊர் என்றால் எங்களுக்குக் கொடைக்கானல்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். இ-பாஸ் எல்லாம் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு. பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. கிடார் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரவாம்மா?" என்று சிரித்தார். வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஏற மகள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள்.

மேலே போய் அறையில் கிடாரை எடுத்தால், ஆறு கம்பியும் சுருதி ஏறிக் கிடந்தன. குளிரில் உலோகம் சுருங்கிக் கம்பி இறுகும். ஈரக்காற்றைக் குடித்து மரமும் உப்பும். "ராத்திரியே அறையில வச்சுடணும். காலையில எடுத்தவுடனே பதிவு பண்ணக் கூடாது" என்று குறித்துக்கொண்டாள். பெட்டிக்குள் போட சிலிகா ஜெல் பொட்டலங்களும் பட்டியலில் சேர்ந்தன.

முதல் வீடு ஏரிப் பக்கம். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கிய ஏரி அது. மதுரைக்காரர் வெட்டியது, மதுரைக்காரி பாட்டுக்கு உதவக் கூடாதா என்று நினைத்தேன். உதவவில்லை. ஹாரன், குதிரைக் குளம்பு, சோளம் சுடுகிறவரின் ரேடியோ. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது வட்டக்கானலில். ஜன்னலைத் திறந்தால் மேகம். எனக்கு அங்கேயே தங்கிவிடலாம் போல இருந்தது. மகள் அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினாள். அவள் வீடு பார்க்கும் முறை அதுதான். தட்டிய சத்தம் 'டங்' என்று சுவரில் முட்டித் திரும்பி வந்தால் வேண்டாம். திரும்பி வந்தது. போதாக்குறைக்குத் தகரக் கூரையில் தூறல் விழ, அறை முழுக்கப் பொரி வறுப்பது போல் ஆயிற்று. பக்கத்து அறைப் பையன்கள் புளூடூத் ஸ்பீக்கரோடு வந்து இறங்கினார்கள். அழகான இடமும் அமைதியான இடமும் ஒன்று இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் மன்னவனூர் பஸ்ஸில் ஏறிப் பூம்பாறையில் இறங்கினோம். படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நெருக்கமாக ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். அங்குள்ள மூலவரைப் போகர் நவபாஷாணத்தில் செய்ததாக ஊரில் நம்புகிறார்கள். கும்பிட்டுவிட்டு, டீக்கடையில் விசாரித்து ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம்.

முன்னறை ஒன்றும் விசேஷமில்லை. மகள் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "உள்ள ஒரு ரூம்பு இருக்கு, ஆனா பூண்டு போட்டிருக்கு" என்று தயங்கினார் வீட்டுக்கார அக்கா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு! மூன்று பக்கச் சுவரிலும் விதைப்பூண்டு மூட்டைகள், மேலே மூங்கிலில் கொத்துக் கொத்தாகப் பூண்டு, மூலையில் கம்பளிக் குவியல். மகள் கை தட்டினாள். சத்தம் அவள் கையிலேயே நின்றுவிட்டது. திரும்ப வரவில்லை.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஸ்டுடியோக்காரர்கள் பணம் கொடுத்துச் சுவரில் ஒட்டும் பஞ்சு செய்கிற வேலையைத்தான் சாக்கு மூட்டையும் கம்பளியும் செய்துகொண்டிருந்தன.

"ஒண்ணு பாடிப் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்டு, ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். போனில் ரெக்கார்டரைப் போட்டு எதிரே வைத்தாள். பாடியது ஏழாவது பாட்டு. அது அவள் அப்பாவைப் பற்றியது என்று எனக்கு அதுவரை தெரியாது. ராத்திரி டிவிஎஸ் 50 தெருமுனையில் திரும்பும் சத்தமும், கேட்டைத் திறக்க அவள் ஓடுவதும்தான் பாட்டு. அவர் போய் நாலு வருடமாகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதன் மெட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சொற்கள் காதில் விழுந்ததில்லை.

பாதியில் வெளியே ஒரு சீகாரப் பூங்குருவி, பள்ளிக்கூடத்துப் பையன் விசிலடிப்பது போல் நீளமாக அடித்தது. அவள் நிறுத்தவில்லை. வரக்காப்பியோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றார். முடிந்ததும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்தோம்.

தபேலாவும் புல்லாங்குழலும் சேர்த்தால் எடுப்பாக இருக்குமே என்று மதுரையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது சொல்லவில்லை.

அக்கா கறாரானவர். "ஆடு ஒம்போது மணிக்குப் போகும், சாயங்காலம் வரும். அந்த நேரம் மணிச் சத்தம் கேக்கும், ஒண்ணும் பண்ண முடியாது. பஸ்ஸு மேட்டுல ஹாரன் அடிப்பான். மத்தியானம் நல்லாருக்கும், எல்லாரும் காட்டுல இருப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஐந்து நாளைக்கு 6,000 ரூபாய், சாப்பாடு தனி. 1,000 முன்பணம் கொடுத்தோம். செப்டம்பர் மூன்றாவது வாரம், வாரநாட்களில். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால். அதற்குள் அறுவடை முடிந்தால் மூட்டை இன்னும் ஏறுமாம். ஏறட்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் பட்டியல் வளர்ந்தது. வாடகைக்கு இரண்டு மைக். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுவது. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம், குளிரில் தொண்டை தாங்காது. மிளகு, பனங்கற்கண்டு, ஃபிளாஸ்க். பாட்டு இல்லாமல் வெறும் அறையின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வது. பின்னால் ஒட்டுப் போட உதவுமாம். ஃபிரிட்ஜை அணைத்ததும் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது. அப்போதுதான் கிளம்பும் நாளில் மறக்காமல் மறுபடி போட்டுவிட்டு வருவோம். இது நல்ல யோசனை, மற்ற விஷயத்துக்கும் பயன்படும்.

வத்தலகுண்டில் வெயில் முகத்தில் அடித்தது. ஹெட்போனில் பூண்டு அறைப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். கிடார், குரல், குருவி. கடைசி அடியில் ஏதோ கிணுங்கியது.

"என்னடி அது?"

"நீ கண்ணத் தொடச்சேல்ல, அப்ப உன் வளையல்" என்றாள். போனை எடுத்துப் பட்டியலின் கடைசியில் ஏற்றினாள்: அம்மா வளையலைக் கழற்றி வைக்கணும்.